எல்லோருக்கும் 784: சி மொழியில் எழுத்தை எண்ணாக்குவோர் கவனத்துக்கு

எமிரேட்ஸ் ஐடி அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மொத்தம் 15 இலக்கம். முதல் மூன்று 784, அது அமீரகத்தின் நாட்டுக் குறியீடு. அடுத்த நான்கு பிறந்த ஆண்டு, பிறகு ஏழு இலக்கம், கடைசியில் ஒரு சரிபார்ப்பு இலக்கம். நடுநடுவே சிறு கோடுகள். இதை அப்படியே ஸ்டிரிங்காக வாங்கி, சி மொழியின் ஏ-டு-ஐ ஃபங்ஷனிடம் கொடுத்தால் 784 என்று பதில் வரும். கோட்டைப் பார்த்ததும் அது நின்றுவிடும். தொழிலாளர் கேம்ப்பில் இருக்கும் அத்தனை பேருக்கும் அதே 784 தான். பிழைச் செய்தி ஒன்றும் வராது.

பைத்தானிலோ ஜாவாவிலோ இதே ஸ்டிரிங்கைக் கொடுத்திருந்தால் புரோகிராம் கத்தியிருக்கும். சி கத்தாது. துபாயின் அல் கூஸில் வேலைக்குப் போகிறவர்கள் முதலில் மனதில் வைக்க வேண்டியது இதைத்தான்.

ஷேக் ஸாயித் சாலையை ஒட்டிக் கிடக்கும் அல் கூஸ் தொழிற்பேட்டையில் கிடங்கு, ஒர்க்‌ஷாப், தொழிலாளர் குடியிருப்பு எல்லாம் அடுத்தடுத்து இருக்கும். அல்செர்கல் அவென்யூவின் ஓவியக் கூடங்களும் அங்கேதான். இங்கே ஐடி வேலை என்றால் பல இடங்களில் ஒரே ஆள்தான். பிரிண்டர், பஞ்ச் மெஷின், எடை மெஷின், பார்கோடு ரீடர், வண்டி டிராக்கர் எல்லாம் அவர் தலையில். இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை எண்ணை எண்ணாக அனுப்புவதில்லை, எழுத்தாகவே அனுப்பும். அதை வாங்கிப் பிரிக்கும் பழைய புரோகிராம் சி-யில் எழுதப்பட்டிருந்தால், உள்ளே ஏ-டு-ஐ உட்கார்ந்திருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

எடை மெஷினையே எடுத்துக்கொள்வோம். சில மாடல்கள் எடை நிலைத்ததும் முன்னால் ‘எஸ்டி’ என்ற இரண்டு எழுத்தையும் ஒரு காற்புள்ளியையும் போட்டு, அதன் பிறகே எடையைச் சொல்லும். ஏ-டு-ஐ முதல் எழுத்திலேயே நின்று 0 தரும். தட்டு காலியாக இருந்தாலும் 0, கேபிள் கழன்று குப்பை எழுத்து வந்தாலும் 0. எது உண்மையான பூஜ்யம் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. புதிதாக எழுதும் எதிலும் இந்த ஃபங்ஷனைத் தொடாதீர்கள் என்பேன்.

அடுத்த தொல்லை எக்செல். கோடுகளை எடுத்துவிட்டு ஐடி எண்ணைச் சாதாரணக் கட்டத்தில் ஒட்டினால், அது 7.84 என்று தொடங்கும் அறிவியல் வடிவமாகிவிடும். அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் அந்த வடிவமே கோப்பிலும் போகும். ஏ-டு-ஐ இப்போது புள்ளியில் நிற்கும், அதனால் எல்லோருக்கும் 7.

ஆகவே எழுத்தை எண்ணாக்கும் முன் ஒன்றைக் கேளுங்கள்: இதைக் கூட்டப் போகிறோமா, கழிக்கப் போகிறோமா? எமிரேட்ஸ் ஐடி, 05 என்று தொடங்கும் மொபைல் எண், 13 இலக்க பார்கோடு, 15 இலக்க வாட் பதிவு எண் இவற்றையெல்லாம் யாரும் கூட்டுவதில்லை. எண் போலத் தெரிந்தாலும் இவை பெயர்கள்தான். ஸ்டிரிங்காகவே வையுங்கள், இலக்க எண்ணிக்கையை மட்டும் சரிபாருங்கள். எண்ணாக்கினால் மொபைல் எண்ணின் முன்பூஜ்யம் போய்விடும். ஐடி எண்ணோ 32 பிட் இன்ட்டுக்குள் அடங்கவே அடங்காது, இன்ட்டின் உச்சம் 2,147,483,647. அதைத் தாண்டினால் ஏ-டு-ஐ என்ன தர வேண்டும் என்று சி மொழியின் தரநிலை எதையும் சொல்லவில்லை. விண்டோஸ் அந்த உச்ச எண்ணையே தரும். 64 பிட் லினக்ஸில் மேல்பக்க பிட்கள் வெட்டுப்பட்டு வேறு ஏதோ எண் வரும்.

நிஜமாகவே அளவு என்றால், உதாரணமாக வேலை நாள், பெட்டிக் கணக்கு, கிலோமீட்டர், அதற்கு ஸ்டர்-டு-எல் இருக்கிறது. கூப்பிடும் முன் எர்நோவைப் பூஜ்யமாக்குங்கள். கூப்பிட்ட பின் எண்ட் பாயிண்டரைப் பாருங்கள். அது தொடங்கிய இடத்திலேயே நின்றால் எண்ணே இல்லை. நடுவில் நின்றால் பின்னால் குப்பை ஒட்டியிருக்கிறது (வரி முடிவுக் குறியை மட்டும் மன்னிக்கலாம்). எர்நோ ஈ-ரேஞ்ச் என்றால் எண் கொள்ளவில்லை. இவற்றைத் தாண்டியதும் உங்கள் சொந்த எல்லையையும் வையுங்கள்: மாதத்தில் 31 நாளுக்கு மேல் கிடையாது. ஸ்டர்-டு-எல் தருவது லாங்; விண்டோஸில் 64 பிட் கணினியிலும் அது 32 பிட்தான், அதனால் பெரிய எண்களுக்கு ஸ்டர்-டு-எல்எல். மைனஸே வராது என்று ஸ்டர்-டு-யூஎல் பக்கம் போகாதீர்கள். -1 கொடுத்தால் அது மறுக்காமல் வாங்கி, பிரம்மாண்டமான ஓர் எண்ணைத் தரும்.

ஸ்டர்-டு-எல்லின் மூன்றாவது ஆர்கியுமென்ட், அதாவது அடிமானம், 10 ஆக இருக்கட்டும். சிலர் அதை 0 என்று விட்டுவிடுகிறார்கள். அப்போது பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை எட்டடிமானம் என்று அது எடுத்துக்கொள்ளும். ஒரு கோப்பில் வேலை நாள் 030 என்று வந்தால் விடை 24. அமீரகத்தில் 2009 முதல் தனியார் துறைச் சம்பளத்துக்கு டபிள்யூபிஎஸ் முறை இருக்கிறது, கோப்பில் போகும் கணக்கின்படிதான் பணம் போகும். ஆறு நாள் குறைந்தால் பாதிக்கப்படுவது புரோகிராமர் அல்ல.

பணத்தை ஃபில்ஸாகவும் எடையை கிராமாகவும் முழு எண்ணில் வைப்பது நல்லது. 1,500 என்று காற்புள்ளி போட்டு வந்தால் ஏ-டு-ஐ 1 என்று மட்டுமே படிக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

வளைகுடாவுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. கருவியின் மொழி அரபியில் இருந்தால் இலக்கங்களும் அரபி எழுத்தில் வரலாம், அவற்றை ஸ்டர்-டு-எல் எண்ணாக ஏற்காது. யுனிகோடில் அந்தப் பத்தும் வரிசையாக இருப்பதால் முதலில் 0 முதல் 9 வரையிலான வழக்கமான எழுத்துக்கு மாற்றிவிட்டால் போதும்.

இனி நேர்காணல். ஏ-டு-ஐயை நீங்களே எழுதிக் காட்டுங்கள் என்பது பழைய கேள்வி, இன்றும் கேட்கிறார்கள். இடைவெளியைத் தாண்டு, குறியைப் பார், ஒவ்வோர் எழுத்திலிருந்தும் ‘0’ எழுத்தின் மதிப்பைக் கழி, இதுவரை வந்ததைப் பத்தால் பெருக்கிக் கூட்டு. இதைப் பலரும் எழுதிவிடுவார்கள். தேர்வாவதும் ஆகாததும் உச்ச எல்லையை எப்போது சோதிக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. பெருக்கிய பின் சோதிப்பது தவறு, குறியுள்ள எண் வழிந்த பிறகு எதையும் நம்ப முடியாது. உச்சத்திலிருந்து புதிய இலக்கத்தைக் கழித்து, பத்தால் வகுத்து, கையிலிருப்பது அதைவிடப் பெரிதா என்று பெருக்கும் முன்பே பாருங்கள். எழுதத் தொடங்குமுன், “இந்த ஸ்டிரிங் எங்கிருந்து வருகிறது சார், மனிதர் தட்டுவதா, மெஷின் அனுப்புவதா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேலை தெரிந்த மேலாளருக்கு அந்தக் கேள்வியே பாதி பதில்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவர்கள் இன்றைக்கே தங்கள் புரோகிராமில் ஏ-டு-ஐ என்று தேடிப் பாருங்கள். சம்பளக் கோப்பைத் தொடும் இடத்தில் அது இருந்தால் அதை முதலில் மாற்றுங்கள், மற்றவை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.