பூமியை அணுகும் சிறுகோளும் அதன் வழியும்

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட வெளியில் சூரியனைச் சுற்றி வரும் சிறுகோள்கள் பல லட்சம். அவற்றுள் ஒன்று நம் சென்னைக்கு உறவுடையது. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானாராய்ச்சி நிலையத்திலிருந்து, நார்மன் போக்சன் என்பார் 1861 ஏப்ரல் 17 அன்று அதனைக் கண்டார். இக்கண்டத்திலிருந்து காணப்பட்ட முதற் சிறுகோள் ஆதலின் 'ஆசியா' என்னும் பெயர் அதற்கு வாய்த்தது. சூரியனை மிக நெருங்குங்காலத்தும், பூமி நிற்கும் தொலைவினும் ஏறத்தாழ இருமடங்கு தொலைவிலேயே அது நிற்கும். அதனால் நமக்கு யாதோர் அச்சமும் இல்லை.

வேறு சில அவ்வாறல்ல. 2004 ஜூன் 19-இல் அமெரிக்காவின் கிட் பீக் மலையிலிருந்து காணப்பட்ட 'அபோபிஸ்' ஏறத்தாழ 340 மீட்டர் குறுக்களவுடையது. 324 நாட்களில் சூரியனை ஒருமுறை சுற்றுவது. அதன் நீள்வட்டம் ஒருபுறம் வெள்ளியின் வழியருகே சென்று, மறுபுறம் பூமியின் வழியைத் தாண்டி வெளிப்படுகின்றது. இரு வழிகளும் நெருங்கும் இடத்திற்கு இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேருமோ என்பதே வினா.

அதற்கு விடை காண்பது எங்ஙனம்? ஒரு கோளின் வழியை வரையறுக்க ஆறு எண்கள் வேண்டும். ஒருமுறை நோக்கின் வானில் அதன் இடத்தைக் குறிக்கும் இரண்டு எண்கள் கிடைக்கும். மும்முறை நோக்கின் ஆறும் கிடைத்துவிடும். கணக்கு முடிந்தது என மாணாக்கர் எண்ணலாகாது. தாம்பரம் நிலையத்தில் தண்டவாளத்தின் ஒரு முழத்தை மட்டும் அளந்தவன், அதனைக்கொண்டு அது செங்கற்பட்டில் எங்கே இருக்கும் என்று கூறப் புகுந்தால் என்னாகும்? இங்கே மயிரிழையளவு பிழை அங்கே பல முழமாகப் பெருகும். சின்னாட் பார்வையைக்கொண்டு பல்லாண்டுக்கு அப்பால் கணிப்பதும் அத்தகையதே.

அபோபிஸின் செய்தியில் நிகழ்ந்ததும் இதுவே. 2004 டிசம்பர் 27 அன்று, 2029-இல் அது பூமியின்மேல் மோதும் வாய்ப்பு 37-இல் 1 எனக் கணித்தனர். முந்திய நாள்தான் கடல் பொங்கி நம் கரையோரத்தைச் சூறையாடியது. வானத்துச் செய்தியை இங்கே யார் கேட்டிருப்பார்! ஆயின் அவ்வாண்டு மார்ச்சில் எடுத்து வைத்திருந்த பழைய படங்களில் அதே சிறுகோள் தென்பட்டது. அளந்த வில் நீண்டது, ஐயப்பாடு குறுகியது, 2029-இன் அச்சம் நீங்கியது. 2021-இல் ரேடார்க் கதிர்களால் அளந்தபின், இன்னும் நூறாண்டுக்கு மோதல் இல்லை எனத் தெளிந்தனர். கல் வழி மாறவில்லை. நம் அளவையே திருந்திற்று.

2029 ஏப்ரல் 14 அன்று, நம் நேரப்படி விடியற்காலை 3 மணி 16 நிமிட அளவில், அது பூமியின் மேற்பரப்பிலிருந்து ஏறத்தாழ 32,000 கிலோமீட்டரில் கடக்கும். தொலைக்காட்சிக்குப் பயன்படும் செயற்கைக்கோள்கள் பல இதனினும் தொலைவில் உள்ளன. பூமியின் ஈர்ப்பு அதன் வழியை வளைத்துவிடும். பின்னர் அது சூரியனைச் சுற்றிவர ஓராண்டுக்கும் மேலாகும்.

அந்த வேளையில் அது அட்லாண்டிக் கடலின் மேலிருக்குமாதலின் நமக்கு மறைந்துபோயிருக்கும். காண விழைவோர் 13-ஆம் தேதி இரவின் முற்பகுதியிலேயே, அது இந்தியப் பெருங்கடலுக்கு மேலாக மேற்கு நோக்கிச் செல்லுங்கால் பார்த்தல் வேண்டும். விமான நிலையமும் பெருஞ்சாலையும் வீசும் ஒளியில் அம்மங்கிய புள்ளி எளிதில் தோன்றாது. ஓர் இருகண் தொலைநோக்கியை உடன்கொள்வது நலம்.