உடலின் கடிகாரமும் கடையின் கடிகாரமும்

சுங்கை ரம்பாயிலும் சுற்றுப்புறத்திலும் கடை நடத்தும் நம் சகோதரர்கள் பலர் கூறும் முறைப்பாடு ஒன்றுண்டு: படுத்தால் தூக்கம் வருவதில்லை, ஸுபுஹுக்கு எழுந்தால் தலை கனக்கிறது. வியாபாரக் கவலையே காரணமென்று நாம் விட்டுவிடுகிறோம். வேறு காரணமும் உண்டு.

நம் மூளையின் அடிப்பகுதியில், கண் நரம்புகள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 உயிரணுக்கள் கொண்ட சிறு கூட்டம் இருக்கிறது. உடலின் கடிகாரம் அதுவே. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன் அவர்களும் துணைவர்களும், வெயிலும் கடிகாரமும் எட்டாத தனியறையில் ஆட்களைப் பல நாள் தங்கவைத்துப் பார்த்தார்கள். அங்கும் அவர்கள் முறை தவறாமல் உறங்கி விழித்தார்கள். ஆனால் அவர்களுடைய "நாள்" 24 மணியைத் தாண்டி நீண்டது! அந்த மிச்சத்தை அன்றாடம் திருத்தி வைப்பது காலை வெளிச்சம். இரவு இருண்டதும் மெலட்டோனின் என்னும் சுரப்பு ஊறி உடலுக்கு இரவை அறிவிக்கிறது. பளிச்சென்ற விளக்கு அதைத் தடுத்துவிடும்.

இனி நம் ஊர்க் கணக்கைப் பார்ப்போம். 1982 ஜனவரி முதல் தேதி, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்க, தீபகற்பத்தின் கடிகாரம் அரைமணி முன்னே தள்ளப்பட்டது. அதற்கு முன்பே அது சூரியனை முந்தித்தான் ஓடியது. இப்போது நம் பகுதியில் ஏறத்தாழ 70 நிமிடம் முந்துகிறது. லுஹர் ஒரு மணியை ஒட்டி வருவது இதனால்தான். பள்ளிக்கூடத்துக்காக 6 மணிக்கு எழுப்பப்படும் பிள்ளை, சூரியக் கணக்கில் 4 மணி 50 நிமிடத்துக்கே எழுகிறது. பாவம், அது முணுமுணுப்பதில் வியப்பென்ன?

நாமோ இரவு 11 மணிவரை கல்லாவில் வெள்ளை விளக்கின் கீழ் அமர்ந்து, பிறகு கைப்பேசியில் கணக்குப் பார்க்கிறோம். உடலின் இரவு தள்ளிப்போகிறது. ஸுபுஹோ சூரியனைத் தொடர்ந்து வருவது, நமக்காகத் தள்ளிப்போகாது. இரண்டுக்கும் நடுவில் தூக்கம் நசுங்குகிறது. போதாததற்கு இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு தே தாரிக்! அதன் விறுவிறுப்பில் பாதி, ஐந்து மணி நேரம் கழித்தும் உடலில் நிற்கும். இஷாவுக்குப் பின் வீண் பேச்சை நாயகம் (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்று ஹதீஸில் வருவது நாம் அறிந்ததே.

நண்பகலுக்குப் பின் உடல் தானாகவே சற்றுத் தளரும். கைலூலா என்னும் பகல் துயில் அதற்கேற்றது. ஆனால் 20 நிமிடம் போதும். அஸர்வரை நீட்டினால் இரவுத் தூக்கத்தில் கழிந்துவிடும்.

கடைசியாக, குறட்டை. பலமாகக் குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று, திணறி மீண்டும் மூச்சு வாங்குவதாக வீட்டார் சொன்னால் சிரித்து ஒதுக்கவேண்டாம். தொண்டை அடைபட்டு இரவெல்லாம் துயில் கலையும் நோய் அது. இரத்த அழுத்தத்தையும் ஏற்றும். எட்டு மணி படுத்தாலும் பகலில் கண் சொக்கும். சரக்கு எடுக்க மலாக்காவுக்கும் மூவாருக்கும் வேன் ஓட்டிச் செல்பவர்கள் இதை மருத்துவரிடம் உடனே காட்டவேண்டும். உறங்கும்போது மூக்கில் காற்றைச் செலுத்தும் கருவி இதற்கு உண்டு.