கை எட்டாத சக்கரம்

கருநாடக மாநில எல்லையை ஒட்டிக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அமைந்த தொழில் நகரம் ஓசூர். 1984-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற டைட்டன் நிறுவனத்தின் கடிகாரத் தொழிற்சாலை அங்கு உள்ளது. 2002-ஆம் ஆண்டில் அந்நிறுவனம் 3.5 மில்லிமீட்டர் கனமே உடைய கைக்கடிகாரம் ஒன்றை வெளியிட்டது. அதனுள் இயங்கும் பொறியின் கனம் 1.15 மில்லிமீட்டரே! அத்துணை நுண்ணிய பொறியில் சிறு தூசும் தடையாகலாம். எனினும், நின்றுபோன கடிகாரத்தைத் திறந்து செப்பனிடக் கைகள் உண்டு. எவர் கையும் எட்டாத இடத்தில் சக்கரம் சுழல வேண்டுமாயின், அதனை எங்ஙனம் அமைப்பது?

அத்தகைய சக்கரங்கள் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியில் உள்ளன. 2021 டிசம்பர் 25-ஆம் நாள் ஏவப்பட்ட அது, புவியிலிருந்து ஏறத்தாழ 15 இலட்சம் கிலோமீட்டர் தொலைவில் இயங்குகின்றது. வானிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிர்களை அது ஆராய்கின்றது. வெப்பமுள்ள பொருள்கள் யாவும் அக்கதிர்களை வெளியிடும். ஆதலின், கருவியே வெப்பமாக இருப்பின், அதன் கதிர்களில் விண்மீனின் மெல்லொளி மறைந்துவிடும். இதனால் அதன் கருவிகளுள் ஒன்றை ஏறத்தாழ −266 பாகை செல்சியசு வரை குளிர்விக்கின்றனர். வேண்டிய வடிகட்டியைக் கதிரின் வழியில் நிறுத்துவதற்கு, அக்கடுங்குளிரிலும் சக்கரம் பிசகாது சுழலுதல் வேண்டும்.

அங்கு இடர்கள் இரண்டு. முதலாவது, எண்ணெய் உறைந்துவிடும். ஆகவே, மாலிப்டினம் டைசல்பைடு என்னும் திண்மப் பொருளை மெல்லிய படலமாகப் பூசுவர். இரண்டாவது, உலோகங்கள் சுருங்கும். ஒரு மீட்டர் நீளமுள்ள அலுமினியம் அக்குளிரில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் குறையும். எஃகு அத்துணை குறையாது. எனவே, அலுமினியச் சட்டம் தன்னுள் அமைந்த எஃகுப் பேரிங்கை இறுக்கிவிடக்கூடும். அச்சுருக்கத்தை முன்னரே கணக்கிட்டு இடைவெளி விடுவர். பின்னர்க் காற்று நீக்கிய அறையில் குளிர்வித்துச் சோதிப்பர்.

இவ்வளவு செய்தும், 2022 ஆகஸ்டு 24-ஆம் நாள் அக்கருவியின் சக்கரம் ஒன்றில் உராய்வு மிகுந்தது. சென்று திருத்த எவராலும் இயலாது. அச்சக்கரத்தை வலிந்து சுழற்றினால் அது நிலையாகவே நின்றுவிடுமோ என்னும் அச்சம் வேறு! பொறியாளர் அதனைப் பயன்படுத்தும் ஆய்வை மட்டும் நிறுத்தினர்; காரணத்தைப் பொறுமையுடன் ஆராய்ந்தனர்; பாதுகாப்பாகச் சுழற்றும் முறையை வகுத்தனர். நவம்பரில் ஆய்வு மீண்டும் தொடங்கிற்று.

மாணவர்களே! கடிகாரம் செய்வோர்க்குத் தவற்றைத் திருத்த மறுவாய்ப்பு உண்டு. விண்கருவி செய்வோர்க்கோ வருமுன் காத்தலே முதற்கடமை. அதனையும் மீறி இடர் வரின், பதறாமையே துணை.