நீங்களே தயாரிக்கலாம் கிளை விரியும் செய்திக் கதை!

பத்திரிகையில் ஒரு செய்தியை முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரி வரை வரிசையாகப் படிக்கிறோம். கம்ப்யூட்டரில் அப்படிப் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எதைத் தெரிந்துகொள்ள ஆசையோ அதைக் கிளிக் செய்து, தன் வழியில் படிக்கலாம். இதைத்தான் இன்டராக்டிவ் ஜர்னலிசம் என்கிறார்கள். 2012-ல் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட 'ஸ்னோ ஃபால்' என்ற பனிச்சரிவுக் கட்டுரை, எழுத்தோடு வீடியோவையும் அசையும் மேப்பையும் சேர்த்து உலகெங்கும் பேசப்பட்டது. அதற்குப் பெரிய குழுவே உழைத்தது. நம் வீட்டு கம்ப்யூட்டரில் சிறிய அளவில் செய்து பார்க்க 'ட்வைன்' என்ற இலவச சாப்ட்வேர் போதும்.

எந்தக் கதை?

எனக்குச் சொந்த ஊர் பாகூர் பக்கம். எனவே எங்கள் பகுதிக் கதை ஒன்றையே பாடமாக எடுத்துக்கொண்டேன்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-ல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூர்தான் தலைமை மையம். அங்கே தகவல்களைத் திரட்டித் தமிழாக்கி, வயர்லெஸ் மூலம் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். மீனவர் ஊரான வீராம்பட்டினத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் கிடைத்த அலை உயர விவரத்தை ஒலிபெருக்கியில் வாசித்தார்கள். விவசாயிகள் வாழும் ஊர்களுக்குப் பயிர், விலை விவரங்கள் போயின.

நல்லவாடு என்ற மீனவர் ஊரிலும் இப்படி ஒரு மையம் இருந்தது. 26.12.2004 அன்று, முன்பு அந்தத் திட்டத்தில் தொண்டராக இருந்த ஒருவர் சிங்கப்பூரிலிருந்து வீட்டுக்குப் போன் செய்து சுனாமி பற்றி எச்சரித்தார். ஊர்க்காரர்கள் பூட்டியிருந்த மையத்தை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஆனால் 3,600-க்கும் மேற்பட்ட மக்கள் உயிர் பிழைத்தார்கள்.

ட்வைனில் செய்யும் முறை

1. பிரவுசரில் ட்வைனெரி டாட் ஆர்க் தளத்துக்குச் சென்று, ஆன்லைனிலேயே பயன்படுத்தும் வசதியைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸில் இன்ஸ்டால் செய்தும் பயன்படுத்தலாம்.

2. 'ஸ்டோரி' மெனுவில் 'நியூ' என்பதைக் கிளிக் செய்து, கதைக்குப் பெயர் கொடுங்கள். திரையில் ஒரு சிறிய கட்டம் தோன்றும். இதற்குப் 'பாசேஜ்' என்று பெயர். ஒரு பாசேஜ் ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3. கட்டத்தை டபுள் கிளிக் செய்து, செய்தியின் முதல் பத்தியை டைப் செய்யுங்கள். யூனிகோட் தமிழை அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

4. பத்தியின் கீழே, இரட்டைச் சதுர அடைப்புக்குள் இப்படி டைப் செய்யுங்கள்:

[[ஒலிபெருக்கி அங்கே எப்படி வந்தது?->மையம்]]

'மையம்' என்ற புதிய கட்டம் தானாகவே உருவாகும். வாசகர் அந்தக் கேள்வியைக் கிளிக் செய்தால் அங்கே போவார். ஒவ்வொரு கிளையின் முடிவிலும் முதல் பக்கத்துக்குத் திரும்ப ஒரு லிங்க் கொடுக்க மறக்காதீர்கள்.

5. 'பில்ட்' மெனுவில் 'ப்ளே' கொடுத்துச் சரிபாருங்கள். 'பப்ளிஷ் டு ஃபைல்' கொடுத்தால் ஒரே ஒரு ஹெச்.டி.எம்.எல். பைல் கிடைக்கும். அதை எந்த பிரவுசரிலும் திறக்கலாம்.

நான் செய்த தவறு

முதலில் இந்தக் கதையை கேம் மாதிரி செய்தேன். "போன் வருகிறது. எடுப்பீர்களா, விட்டுவிடுவீர்களா?" என்று இரண்டு லிங்க். 'விட்டுவிடு' என்பதைக் கிளிக் செய்தால், ஊரே அழிந்துபோவதாக ஒரு பக்கம் எழுதியிருந்தேன். பரபரப்பாக இருக்கிறது என்று எனக்கே பெருமை.

கடலோர ஊரில் வாழ்க்கைப்பட்ட என் அத்தையிடம் செல்போனில் காட்டினேன். அந்தப் பக்கம் வந்ததும் போனைத் திருப்பித் தந்துவிட்டார். "ஏண்டா தம்பி, அந்த ஊர்ல இது நடக்கவே இல்லையே? நெஜமாவே செத்தவங்க வீடு அடுத்தடுத்த ஊர்ல இருக்கு. அவங்க கையில இதக் குடுப்பியா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

அன்றிரவே அந்தப் பக்கத்தை டெலிட் செய்தேன். கேமில் முடிவை வாசகர் தேர்ந்தெடுக்கலாம். செய்தியில் நடந்தது ஒன்றுதான். அங்கே வாசகர் தேர்ந்தெடுக்க வேண்டியது கேள்வியை மட்டுமே. யோசித்துப் பார்த்தால், வில்லியனூர் மையம் செய்ததும் இதுதான். முதலில் கிராமத்தினருக்கு என்ன தகவல் தேவை என்று விசாரித்தார்கள். அதற்கேற்பத் தகவல் பிரிந்து போனது. அலை உயரம் ஒரு கிளை, நெல் விலை ஒரு கிளை. ஆனால் அலையின் உயரத்தை யாரும் மாற்றவில்லை!

திருத்திய கதையில் மூன்று கிளைகள் வைத்தேன்.

* அலை எப்போது வந்தது? சுமத்ரா அருகே நிலநடுக்கம் நம் நேரப்படி காலை 6.29 மணிக்கு. நம் கரையை அலை தொட ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது.
* ஒலிபெருக்கி அங்கே எப்படி வந்தது? 1998-ல் தொடங்கிய தகவல் மையக் கதை.
* அரசு ஏன் எச்சரிக்கவில்லை? அன்று இந்தியப் பெருங்கடலுக்கு சுனாமி எச்சரிக்கை அமைப்பே இல்லை. ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனத்தில் அது 2007 அக்டோபரில்தான் தொடங்கியது.

அத்தை மூன்றையும் கிளிக் செய்து படித்தார். கடைசிக் கிளையை இரண்டு முறை படித்தார்.

கவனிக்க வேண்டியவை

ஆன்லைன் ட்வைனில் உங்கள் கதை பிரவுசருக்குள்ளேயே சேமிக்கப்படுகிறது. பிரவுசர் டேட்டாவை அழித்தால் கதையும் போய்விடும். எனவே வேலை முடிந்ததும் 'லைப்ரரி' மெனுவில் 'ஆர்க்கைவ்' கொடுத்து பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கதைக்கு நான்கைந்து பாசேஜ் போதும். உங்கள் ஊர் ஏரி, சந்தை, பஸ் ரூட் என எதுவும் கதையாகலாம். தொடங்கும் முன் ஊரில் மூன்று பேரிடம், "இதைப் பற்றி உங்களுக்கு என்ன தெரிய வேண்டும்?" என்று கேளுங்கள். அவர்களது கேள்விகளையே லிங்க்குகளாக வையுங்கள். முடித்ததும் முதலில் அவர்களிடமே காட்டுங்கள்.