1.159: ஒரு மாறிலியின் கதை

புரோகிராம்ல எங்கிருந்தோ ஒரு மாறிலியைக் காப்பி பண்ணிப் போட்டுட்டு, வைவாவில் "இந்த எண் ஏன்?"னு கேட்டதும் முழிச்சிருப்போம். அப்படி ஒரு எண் அமெரிக்க மருத்துவமனைகளில் பல வருஷம் ஓடிக்கிட்டிருந்தது.

சிறுநீரகம் எவ்வளவு நன்றாக வடிகட்டுகிறது என்பதை நேரடியாக அளப்பது சிரமம். அதனால் ரத்தத்தின் கிரியேட்டினின் அளவு, வயது, பாலினம் ஆகியவற்றை ஒரு சூத்திரத்தில் போட்டு மதிப்பிடுகிறார்கள். லேப் ரிப்போர்ட்டில் 'இ.ஜி.எஃப்.ஆர்.'னு வருதே, அதுதான். 2009-இல் வந்த சூத்திரத்தில் இன்னொரு இன்புட்டும் உண்டு: நோயாளி கறுப்பினத்தவரா? ஆம் என்றால் விடையை 1.159-ஆல் பெருக்கணும்.

போட்டுப் பாருங்க. விடை 18 வந்த ஒருவர். அங்கே மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்பு நாள் ஓடத் தொடங்க 20 அல்லது அதற்குக் கீழே வரணும். வெள்ளையருக்கு உடனே ஓடும். கறுப்பினத்தவருக்கு 18 × 1.159 = 20.86. அதே ரத்தம், அதே வயசு, ஆனா வரிசையில் இடம் இல்லை!

இதற்குச் சொல்லப்பட்ட காரணம், கறுப்பினத்தவருக்குத் தசை அதிகம் என்பது. ஆய்வுத் தரவில் சராசரி வித்தியாசம் தெரிந்தது உண்மைதான். ஆனால் சராசரியைத் தூக்கி ஒவ்வொரு ஆள் மேலும் வைக்கலாமா? இதைக் கேட்டவர்களில் முக்கியமானவர் பென்சில்வேனியா பல்கலைக்கழகப் பேராசிரியர் டோரதி ராபர்ட்ஸ். 2015-இல் ஒரு டெட் மேடையில், ஒரு பெண் பாடிபில்டரின் படத்தைக் காட்டி, இவரைவிட எனக்குத் தசை அதிகம் என்று எடுத்துக்கொள்வது சரியா என்று கேட்டார். சிரிப்பு வரலாம், ஆனால் கேள்வி சிரிப்பு இல்லை. இனம் என்பது உடலில் இருக்கும் அளவு அல்ல, மனிதர்களைத் தரம் பிரிக்க உருவான அரசியல் ஏற்பாடு என்பது 2011-இல் வந்த 'ஃபேட்டல் இன்வென்ஷன்' நூலில் அவர் வாதம்.

அவர் சட்டம் படித்தவர், டாக்டர் இல்லை. 1997-இல் எழுதிய 'கில்லிங் த பிளாக் பாடி' கறுப்பினப் பெண்களின் கருப்பையை யார் கட்டுப்படுத்தினார்கள் என்று பேசுகிறது. 1990-இல் நார்பிளான்ட் என்ற கருத்தடை சாதனத்துக்கு அனுமதி கிடைத்தது. கைத்தோலுக்கு அடியில் வைக்கும் சின்னக் குழாய்கள், ஐந்து ஆண்டு வேலை செய்யும். அதே மாதம் பிலடெல்பியா நாளேடு ஒன்று, கறுப்பின வறுமையைக் குறைக்க இது உதவுமே என்று தலையங்கம் தீட்டி, எதிர்ப்பு வந்தபின் மன்னிப்புக் கேட்டது. மாத்திரையை நாமே நிறுத்திடலாம். இதை எடுக்க டாக்டர்தான் வேணும். ஏழைப் பெண்ணுக்கு வைக்கக் கிடைத்த உதவி, எடுக்கப் போனபோது சுலபமாகக் கிடைக்கவில்லை. டிசைனிலேயே அதிகாரம் யார் கையில் என்று எழுதியிருந்தது.

மாணவர்கள், மருத்துவர்கள் எனப் பலர் கேள்வி கேட்ட பிறகு, 2021-இல் இனம் இல்லாத புதுச் சூத்திரம் வந்தது. 2023 ஜனவரி முதல், பழைய சூத்திரத்தால் நாள் இழந்த கறுப்பின நோயாளிகளின் காத்திருப்புக் காலத்தைத் திருத்தவும் வழி செய்தார்கள். வரிசை நகராமலேயே இறந்தவர்களுக்கு அதனால் பயனில்லை.

புதுச் சூத்திரத்திலும் பாலினம் என்ற இன்புட் அப்படியே இருக்கு, ஆண் அல்லது பெண் என்று இரண்டே தேர்வு. ஹார்மோன் சிகிச்சை எடுக்கும் திருநங்கைக்கோ திருநம்பிக்கோ எதை டிக் பண்ணுவது என்று மருத்துவர்கள் இன்னும் விவாதித்துக்கிட்டுத்தான் இருக்காங்க.