பிளக்கைப் பிடுங்கினாலும் மறக்காத ரேடியோ ஸ்கேனர்!

ஸ்கேனர் என்றதும் போட்டோக்களைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் கருவிதான் நம் நினைவுக்கு வரும். இது வேறு. ரேடியோ ஸ்கேனர் என்பது பல அலைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தாவிப் பார்த்து, எதில் பேச்சு கேட்கிறதோ அதில் நின்றுவிடும் ரிசீவர். விமானம், ரயில், தீயணைப்புத் துறை உரையாடல்களை இதில் கேட்பது அமெரிக்காவில் பலருக்குப் பொழுதுபோக்கு.

அங்கே வேலை பார்க்கும் என் நண்பர் பழைய ஸ்கேனர் ஒன்றை வாங்கினார். முந்தைய உரிமையாளர் பல ஆண்டுகளாகத் தேடிப் பதிந்து வைத்த அலைவரிசைகள் அதில் அப்படியே இருந்தன. "பிளக்கைப் பிடுங்கி எடுத்து வந்தும் எப்படி அழியவில்லை? இதில் ஹார்டு டிஸ்க் எதுவும் இல்லையே?" என்று என்னிடம் கேட்டார். மென்பொருள் எழுதுவது என் வேலை என்றாலும், கல்லூரியில் படித்த மின்னணுவியல் இங்கே கைகொடுத்தது. ஸ்கேனர் எந்தக் காலத்தையது என்பதைப் பொறுத்து இதற்கு நான்கு பதில்கள் உண்டு.

1. படிகமும் சீப்பும்

ஆரம்பகால ஸ்கேனர்களில் மெமரியே கிடையாது. ஒவ்வொரு சேனலுக்கும் ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டலை வாங்கிச் செருக வேண்டும். கிரிஸ்டல் எந்த அளவுக்கு வெட்டப்பட்டதோ அதுதான் அலைவரிசை. 1970-களில் வந்த ரீஜன்சி வாமோ-10 இன்னும் வேடிக்கையானது. சீப்பு போன்ற தகட்டில் குறிப்பிட்ட பற்களை ஒடித்துச் செருகினால், ஒடிந்த பல்லும் ஒடியாத பல்லும் 0, 1 என்று அலைவரிசையைச் சொல்லும். இவற்றில் மின்சாரம் போனால் மறப்பதற்கு எதுவும் இல்லை.

2. பேட்டரி தாங்கும் ராம்

கீபோர்டில் எண்ணைத் தட்டிப் பதியும் ஸ்கேனர்கள் வந்த பிறகுதான் சிக்கல் தொடங்கியது. பதிந்த எண்கள் ராமில் இருக்கும். மின்சாரம் நின்றால் ராம் எல்லாவற்றையும் மறந்துவிடும்.

இதற்குக் கைகொடுத்தது சீமாஸ் வகை ஸ்டேட்டிக் ராம். எழுதவோ படிக்கவோ செய்யாமல் சும்மா இருக்கும்போது இது ஓரிரு மைக்ரோ ஆம்பியர் மின்சாரத்தில் உயிர் வாழும். மின்னழுத்தம் 2 வோல்ட் வரை இறங்கினாலும் தகவல் நிற்கும். ஆகவே உள்ளே ஒரு சிறு பேட்டரி போதும்.

1980-களில் ரேடியோ ஷாக் விற்ற புரோ-2004 மாடலில் 300 சேனல்கள். அதைக் காத்தது நம் மல்ட்டி மீட்டரில் போடும் அதே 9 வோல்ட் பேட்டரி. 25 முதல் 1300 மெகாஹெர்ட்ஸ் வரை 5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் எண்ணினால் 2,55,000 இடங்கள். இதைக் குறிக்க 18 பிட் போதும். சேனலுக்கு 3 பைட் என்று வைத்தாலும் 300 சேனலுக்கு 900 பைட். ஒரு கிலோபைட் கூட இல்லை!

மின்சாரமும் பேட்டரியும் இரண்டு டயோடுகள் வழியாக ராமுக்குப் போகின்றன. பிளக் செருகியிருக்கும்போது அந்தப் பக்க மின்னழுத்தம் அதிகம் என்பதால் பேட்டரியின் டயோடு திறக்காது. பிளக்கைப் பிடுங்கியதும் அது தானாகத் திறந்து பேட்டரி பொறுப்பேற்கும்.

நம் கம்ப்யூட்டரிலும் இதே கதைதான். 1984-இல் வந்த ஐபிஎம் பிசி ஏடி-யில் மோட்டோரோலா 146818 சிப்பில் 64 பைட் இருந்தது. கடிகாரத்துக்கு 14, செட்டிங்குகளுக்கு 50. அதைக் காத்ததும் பேட்டரிதான். பயாஸ் தேதி அடிக்கடி மாறினால் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றச் சொல்வது இதனால்தான்.

3. சூப்பர் கெப்பாசிட்டர்

சில மாடல்களில் பேட்டரிக்குப் பதில் காசு வடிவக் கெப்பாசிட்டர் இருக்கும். 0.1 ஃபாரட் கெப்பாசிட்டர் 5 வோல்ட்டிலிருந்து 2 வோல்ட்டுக்கு இறங்கும்வரை 1 மைக்ரோ ஆம்பியர் கொடுத்தால் 3,00,000 விநாடி, அதாவது சுமார் மூன்றரை நாள் தாங்கும். கசிவையும் சேர்த்தால் இன்னும் குறையும். வார இறுதி மின்தடைக்குப் போதும். பரணில் போட்டு வைத்தால் எல்லாம் போய்விடும்.

4. ஈஈப்ராம்

பின்னர் வந்தவற்றில் பேட்டரியே தேவையில்லை. எலெக்ட்ரான்களை மெல்லிய ஆக்சைடு படலத்துக்குள் சிறைப்பிடித்து வைக்கும் ஈஈப்ராம் சிப்பில் அலைவரிசைகள் பதியப்படும். மின்சாரம் இல்லாமலே பல ஆண்டுகள் இருக்கும். பென் டிரைவும் இந்தக் குடும்பம்தான்.

பழைய ஸ்கேனர் கைக்கு வந்தால்...

* முதல் வேலையாக எல்லா சேனல்களையும் ஒரு எக்செல் தாளில் குறித்துக் கொள்ளுங்கள். இதைச் செய்யும்வரை பேட்டரியைத் தொடாதீர்கள்.

* பேட்டரிக்கு வெளியிலேயே மூடி இருந்தால், பிளக் செருகியிருக்கும்போதே பழையதை எடுத்துப் புதியதைப் போடுங்கள். பெரும்பாலான மேஜை மாடல்களில் சுவிட்ச் அணைந்திருந்தாலும் ராமுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்.

* பேட்டரி பெட்டிக்குள்ளே இருந்தால் பிளக்கைப் பிடுங்காமல் திறக்கவே கூடாது. அலைவரிசைகள் போனால் மறுபடி தட்டிக் கொள்ளலாம். மின் அதிர்ச்சி அப்படியல்ல.

* சேனல்களில் நீங்கள் பதியாத தாறுமாறான எண்கள் தெரிந்தால் பேட்டரி இறங்கிவிட்டது என்று சந்தேகப்படலாம்.

* 9 வோல்ட் பேட்டரியை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். தீர்ந்த அல்கலைன் பேட்டரி கசிந்தால் அந்தக் காரம் போர்டின் செம்புக் கோடுகளையே தின்றுவிடும். வெள்ளையோ பச்சையோ பொடி படிந்திருந்தால், பிளக்கைப் பிடுங்கி, பேட்டரியையும் எடுத்துவிட்டு, வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்து, பிறகு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்யுங்கள்.

என் நண்பருடையது இரண்டாவது வகை. உள்ளே இருந்த பேட்டரியில் வெள்ளைப் பொடி படிய ஆரம்பித்திருந்தது. அவர் எல்லா சேனல்களையும் எழுதி எடுத்த பிறகுதான் அதைக் கழற்றினார். பழைய கருவி எதுவானாலும் இதே வரிசையில் செய்யுங்கள்: முதலில் பேக்கப், பிறகு பேட்டரி.