செயல்புள்ளியும் தெம்பும்

சதுரங்கத்தில் நம் முறை வரும்போது பொதுவாக ஒரு காயை ஒரு தடவை நகர்த்தலாம், அவ்வளவுதான். கணிப்பொறியில் முறை வைத்து ஆடும் பாத்திர ஆட்டங்களில் நிலைமை வேறு. ஒரே முறையில் வீரன் நடக்கலாம், சுடலாம், பையைத் திறந்து மருந்தும் எடுக்கலாம். இவற்றுக்கு வரம்பு கட்டும் ஏற்பாடுதான் செயல்புள்ளி.

1997-ல் அமெரிக்காவில் வெளியான 'ஃபால்அவுட்' ஆட்டத்தைப் பார்ப்போம். வீரனின் சுறுசுறுப்பு 1 முதல் 10 வரை இருக்கும். அதில் பாதியை எடுத்து, பின்னத்தை விட்டுவிட்டு, 5-ஐக் கூட்டினால் அவனுடைய செயல்புள்ளி கிடைக்கும். ஓர் அறுகோணக் கட்டம் நகர 1 புள்ளி. சாதாரணக் கைத்துப்பாக்கியால் ஒரு தடவை சுட 5 புள்ளி. சுறுசுறுப்பு 8 என்றால் 9 புள்ளிகள். 9 என்றாலும் அதே 9 புள்ளிகள்தாம்! ஒரு தடவை சுட்டுவிட்டு 4 கட்டம் நகரலாம். சுறுசுறுப்பு 10 ஆனதும் 10 புள்ளிகள். இரண்டு தடவை சுடலாம்.

அடுத்த முறையில் புள்ளிகள் மீண்டும் முழுமையாக நிரம்பிவிடும். ஆகவே, செயல்புள்ளி என்பது ஒரு முறைக்குள் கிடைக்கும் நேரத்தின் அளவு எனலாம். அதில் களைப்புக்கு இடமில்லை. ஆனால் ஓடுகிறவனுக்குக் களைப்பு உண்டு அல்லவா?

இதற்கும் கணக்கு வைத்த ஆட்டம் ஒன்று உண்டு. அது 1994-ல் வெளியான 'யு.எஃப்.ஓ.: எனிமி அன்நோன்' என்னும் போர்த்தந்திர ஆட்டம். அதில் வீரனுக்கு இரண்டு இருப்புகள். ஒன்று, கால அலகு. இது முறைதோறும் முழுமையாக நிரம்பும். மற்றொன்று, தெம்பு, இது ஓரளவே மீளும். சமதரையில் ஒரு கட்டம் நேராக நடக்க 4 கால அலகும் 2 தெம்பும் செலவாகும். சுடுவதற்குக் கால அலகு மட்டுமே செலவு.

ஓர் எடுத்துக்காட்டு. வீரனுக்குக் கால அலகு 60, தெம்பு 60, முறைதோறும் மீளும் தெம்பு 12 என்று கொள்வோம். அவன் 60 கட்டம் கடக்க வேண்டும். முழு வேகத்தில் ஓடினால் முதல் முறையில் 15 கட்டம். தெம்பு 30 மிஞ்சும், 12 மீண்டு 42 ஆகும். இரண்டாம் முறையில் மீண்டும் 15. தெம்பு 24 ஆகும். மூன்றாம் முறையில் 12 கட்டம்தான், தெம்பு தீர்ந்தது. அதன்பின் மீளும் 12 தெம்பை வைத்து முறைக்கு 6 கட்டமே நடக்கலாம். 15, 15, 12, 6, 6, 6: ஆறு முறைகளில் 60 கட்டம்.

இன்னொருவன் நிதானமாக முறைக்கு 10 கட்டம் நடக்கிறான். அவனும் ஆறே முறைகளில் 60 கட்டம் கடந்துவிடுகிறான்! இருவரும் செலவிட்ட தெம்பும் ஒன்றே: 120.

அப்படியானால் வேறுபாடு எங்கே? ரைஃபிளால் சட்டென்று ஒரு தடவை சுட, மொத்தக் கால அலகில் கால் பங்கு, அதாவது 15 வேண்டும். நிதானமாக நடந்தவனிடம் ஒவ்வொரு முறையும் 20 மிஞ்சுகிறது. எப்போது எதிரி தென்பட்டாலும் சுடலாம். ஓடியவனிடம் முதல் மூன்று முறைகளில் மிஞ்சுவது 0, 0, 12. எதிரி அப்போது வந்தால் அவன் கதி என்ன?

இயற்பியலில் இதைத் திறன், ஆற்றல் என்று பிரித்துச் சொல்கிறோம். 50 கிலோகிராம் நிறையுள்ளவர் 3 மீட்டர் உயரம் ஏற, சுமார் 1,500 ஜூல் வேலை செய்ய வேண்டும். 15 வினாடியில் ஏறினால் திறன் 100 வாட். 3 வினாடியில் ஏறினால் 500 வாட். வேலை ஒன்றே, அதைச் செய்யும் வீதம்தான் வேறு. கால அலகு உச்ச வீதத்துக்கு எல்லை கட்டுகிறது. தெம்பு சேமிப்பைக் காட்டுகிறது. நீண்ட நேரம் தாங்கும் வேகத்தை முடிவு செய்வதோ, மீளும் வீதம்.

2009-ல் உசைன் போல்ட் 100 மீட்டரை 9.58 வினாடியில் ஓடினார். வினாடிக்குச் சராசரி 10.4 மீட்டர். 2023-ல் கெல்வின் கிப்டம் 42.195 கிலோமீட்டர் மராத்தானை 2 மணி 35 வினாடியில் ஓடினார். வினாடிக்குச் சுமார் 5.8 மீட்டர். மனித உடலுக்கும் இந்த இரு கணக்குகள் உண்டு.

நீங்களே செய்து பாருங்கள்: மீளும் தெம்பு 12-க்குப் பதிலாக 20 என்றால், நம் வீரன் களைப்பே இல்லாமல் முறைக்கு எத்தனை கட்டம் நடந்துகொண்டே இருக்கலாம்? அப்போது அவனிடம் எத்தனை கால அலகு மிஞ்சும்?